படிக்கத் தெரியாதவரும் படிக்கும் பக்கம்: தமிழ் இதழ்களின் அட்டை

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். வாரப் பத்திரிகைக்கு அட்டைதான் சிரசு. உள்ளே அருமையான சிறுகதை இருக்கலாம், ஆராய்ச்சிக் கட்டுரை இருக்கலாம். ஆனால் கடைக்கு வந்தவர் கையை நீட்டுவது அட்டையைப் பார்த்துத்தான். அட்டையைப் பற்றி நாம் பேசுவது மட்டும் குறைவு. "அட்டையில என்ன சார் இருக்கு, உள்ளே என்ன இருக்குன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு இந்த விஷயம் இன்னும் கொஞ்சம் நெருக்கமானது. நம் வீடுகளில் பெரியவர்கள் தமிழ் படிப்பார்கள். பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் இந்தியோ, மராத்தியோ, கன்னடமோ, வங்காளமோ படித்துவிட்டு வருவதால் தமிழ் எழுத்து அவர்களுக்குப் புரியாது. இப்படிப்பட்ட வீட்டில் மேசைமேல் ஒரு தமிழ் இதழ் கிடந்தால், அதில் எல்லோரும் பார்க்கும் பக்கம் அட்டை ஒன்றுதான். தாத்தா அதைப் படிக்கிறார், பேத்தி அதைப் பார்க்கிறாள். அட்டை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டு லாபம் உண்டு. ஒன்று, அது விரிக்கும் வலையில் விழாமல் இருக்கலாம். இரண்டாவது, பேத்தியைத் தமிழுக்குள் அழைத்துவர அதுவே வாசல் ஆகலாம்.

அட்டையில் இருப்பவை மூன்று: பெயர், படம், வாசகம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன், அட்டை வாழும் இடமான கடையைப் பார்த்துவிடுவது நல்லது.

கடை வாசலில்

தமிழ்நாட்டுப் பெட்டிக்கடையில் இதழ்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள், அல்லது ஒன்றின் மேல் ஒன்று பாதி மறைய அடுக்கி வைப்பார்கள். இரண்டிலும் இதழின் மேல் பகுதிதான் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் பெயர் எப்போதும் உச்சியில் இருக்கிறது. முகம் என்றால் கண்கள் மேல்பாதியில் வரும்படி படத்தை அமைப்பார்கள். பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு கணத்துக்குள் "நான் இன்ன பத்திரிகை, இந்த வாரம் இது விசேஷம்" என்று அட்டை சொல்லி முடித்தாக வேண்டும். கடையின் முன்னால் தொங்கும் வால்போஸ்டர் அதையே இன்னும் பெரிய எழுத்தில் சொல்லும்.

மும்பை மாதுங்காவிலோ, தில்லி கரோல் பாகிலோ, கொல்கத்தா லேக் மார்க்கெட்டிலோ நிலைமை வேறு. அங்கே தமிழ் இதழ், பல மொழி இதழ்களுக்கு நடுவே கிடக்கும். நம் கண் முதலில் தேடுவது எந்த நடிகை, எந்தச் செய்தி என்பதை அல்ல. தலைக்கோடு போட்ட எழுத்துக்களின் கூட்டத்தில், தலைக்கோடு இல்லாத வட்டமும் சுழியுமான எழுத்தைத்தான் தேடுகிறது. ஊரில் விளம்பரமாக இருக்கிற பெயர் எழுத்து, வெளியூரில் ஓர் அடையாளச் சீட்டாக ஆகிவிடுகிறது.

பெயர்: எழுத்தும் ஒரு படம்

இதழின் பெயரை யாரும் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. கோயில் கோபுரத்தை அடையாளம் காண்பதுபோல ஒட்டுமொத்தமாக அடையாளம் காண்கிறோம். அதனால்தான் பெயரைச் சாதாரண அச்செழுத்தில் கோக்காமல், ஓவியரைக் கொண்டு கையால் எழுதவைத்தார்கள். ஒரு தரம் எழுதிவிட்டால் அதை லேசில் மாற்றமாட்டார்கள். படம் வாராவாரம் மாறும், வாசகம் மாறும், பெயரின் வடிவம் மட்டும் மாறாது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாலும் அதே மனுஷன்தான் என்று வாசகருக்கு நம்பிக்கை தருவது அந்த மாறாத எழுத்து.

1926-இல் தொடங்கிய ஆனந்த விகடனை 1928-இல் எஸ்.எஸ். வாசன் வாங்கியபோது, பெயரில் உள்ள எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் கொடுத்தார் என்று சொல்வதுண்டு. ஆ, ன, ந், த, வி, க, ட, ன் என்று எண்ணிப் பாருங்கள், எட்டு எழுத்து வரும். பெயருக்கே அவ்வளவு மதிப்பு. பிறகு ஓவியர் மாலி வரைந்த விகடன் தாத்தாவின் முகமும் அந்தப் பெயரோடு சேர்ந்துகொண்டது. எழுத்துத் தெரியாத குழந்தைகூட அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்து "விகடன் வந்தாச்சு" என்று சொல்லிவிடும்.

அடையாளத்துக்கு வண்ணமும் உதவியது. 1906-இல் சென்னையில் தொடங்கி, பின்னர் புதுச்சேரிக்குப் போன பாரதியின் 'இந்தியா' வார இதழ் சிவப்புத் தாளில் அச்சானது. தமிழில் அரசியல் கருத்துப் படங்களுக்கு வழி காட்டியதும் அதுவே. எழுத்தறிந்தவர்கள் மிகக் குறைவாக இருந்த காலம் அது. தாளின் நிறமும் படமும் படிக்கத் தெரியாதவரிடமும் ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கும்.

பெயர் எழுத்துக்குள் மொழியின் வரலாறும் ஒளிந்திருக்கிறது. 'கலைமகள்' 1932-இல் தொடங்கிய மாத இதழ். அதன் பெயரிலுள்ள 'லை' அந்த நாளில் இப்போதுபோல எழுதப்படவில்லை. யானை துதிக்கையைத் தூக்கினாற்போல் ஒரு கொம்பு 'ல'வின் தலையில் ஏறி நிற்கும். பெரியார் 1935-இலேயே கைக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-இல் ஆணையாக ஏற்ற பிறகுதான் 'லை', 'னை', 'றா' முதலியவை இன்றைய உருவுக்கு வந்தன. பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், ஒரு பாடப் புத்தகம் சொல்ல வேண்டியதைப் பிள்ளைகள் ஒரு நொடியில் கண்டுகொள்வார்கள்.

படம்: கதைக்கும் அட்டைக்கும் ஏன் சம்பந்தமில்லை?

பழைய இதழ்களைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். அட்டையில் ராதாகிருஷ்ணர் இருப்பார், உள்ளே அவரைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அட்டையில் குடம் சுமக்கும் பெண் இருப்பாள், உள்ளே அப்படி ஒரு கதையே இருக்காது. இது ஆசிரியரின் கவனக்குறைவு இல்லைங்க. அச்சுத் தொழிலின் கட்டாயம்.

அந்தக் காலத்தில் படத்தை அச்சடிக்க வேண்டுமானால் உலோகத்தில் பிளாக் செய்ய வேண்டும். வண்ணப் படத்துக்கு நிறத்துக்கு ஒரு பிளாக். ஒவ்வொரு நிறமும் இம்மி பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். செலவும் அதிகம், நேரமும் அதிகம். உள்பக்கங்கள் சாதாரணத் தாளில் கடைசி நேரம் வரை அச்சாகிக்கொண்டிருக்க, அட்டை வழவழப்பான ஆர்ட் பேப்பரில் முன்கூட்டியே தனியாக அச்சாகிவிடும். செய்தி வருவதற்கு முன்பே படம் தயார். அப்படியானால் எந்த வாரத்துக்கும் பொருந்துகிற படம்தானே வேண்டும்? தெய்வம், பெண், குழந்தை, கிராமக் காட்சி, சிரிப்பு ஆகியவை என்றும் பழசாகாதவை. அட்டைக்கும் உள்ளடக்கத்துக்கும் உறவு உண்டாக்கத்தான் 'அட்டைப்பட விளக்கம்' என்று உள்ளே ஒரு சிறு குறிப்புப் போட்டார்கள்.

இந்தக் கட்டாயத்துக்குள்தான் பெரிய ஓவியர்கள் வளர்ந்தார்கள். 1941-இல் தொடங்கிய 'கல்கி'யில் மணியம் வரைந்த 'பொன்னியின் செல்வன்' படங்கள் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தன. வந்தியத்தேவனும் குந்தவையும் எப்படி இருப்பார்கள் என்று கேட்டால், இன்றும் பலர் மனத்தில் எழுவது மணியத்தின் கோடுகள்தான். விகடனில் மாலியின் வழியில் வந்த கோபுலு, ஒரு வார்த்தைகூட இல்லாமல் சிரிக்கவைக்கும் படங்களை வரைந்தார். மொழி தெரியாத அண்டை வீட்டுக்காரரும் அதைப் பார்த்துச் சிரிப்பார். அப்படி ஒரு கலை அது.

1947-இல் தொடங்கிய குமுதம், பெண்முகத்தை அட்டையின் நடுநாயகமாக ஆக்கிய இதழ்களில் முக்கியமானது. அந்த முகங்களில் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலும் அவை பக்கவாட்டில் பார்ப்பதில்லை, நேரே நம்மைத்தான் பார்க்கின்றன. கூட்டத்தில் யாராவது நம்மையே பார்த்தால் நாமும் திரும்பிப் பார்ப்போம் இல்லையா? அந்த இயல்பைத்தான் அட்டை பயன்படுத்துகிறது. ஆஃப்செட் அச்சு பரவிய பிறகு ஓவியத்தின் இடத்துக்குப் புகைப்படம் வந்தது, பெயர் தெரியாத பெண்ணின் இடத்துக்கு நடிகை வந்தார். அட்டை வழியே நுழைந்த ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். வெயில் காயும் நம் நாட்டில் அட்டைப் பெண்கள் மட்டும் வாராவாரம் வெள்ளை வெளேரென்று இருந்தார்கள். "அழகு என்றால் இப்படித்தான்" என்று எழுதாமலே எழுதிய பாடம் அது. நம் பெண் பிள்ளைகளோடு அட்டையைப் பார்க்கும்போது இதைப் பேசாமல் விடக்கூடாது.

படமே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் உண்டு. சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' எந்த அலங்காரமும் இல்லாமல் வந்தது. "உங்களை இழுக்க நான் எதுவும் செய்யப்போவதில்லை, வேண்டுமானால் படியுங்கள்" என்பதும் ஓர் அழைப்புத்தான். அதற்கு மயங்குகிற வாசகர்களும் இருந்தார்கள். நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழர்களுக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று: 1965-இல் கி. கஸ்தூரிரங்கன் 'கணையாழி'யைத் தொடங்கியது தில்லியில்தான்.

சிரிப்பு சிறைக்குப் போன கதை

அட்டை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு 1987-ஐ நினைவூட்ட வேண்டும். விகடன் அட்டையில் நகைச்சுவைத் துணுக்குப் போடுவது நெடுநாள் வழக்கம். அந்த ஆண்டு மார்ச் 29 தேதியிட்ட இதழின் அட்டையிலும் ஒரு துணுக்கு வந்தது. மேடையில் இருக்கும் இருவரில் யார் சட்டமன்ற உறுப்பினர், யார் அமைச்சர் என்பது கேள்வி. ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் உறுப்பினர், முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் அமைச்சர் என்பது பதில்.

சட்டமன்றம் இதை உரிமை மீறலாக எடுத்துக்கொண்டது. பேரவைத் தலைவராக இருந்தவர் பி.எச். பாண்டியன். ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு ஏப்ரல் 4-ஆம் தேதி மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. நாடெங்கும் பத்திரிகைகளிடமிருந்து எதிர்ப்பு எழவே, சில நாட்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். அத்தோடு அவர் விடவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடி வென்றார். அடையாளமாக ஆயிரம் ரூபாய் இழப்பீடும் பெற்றார்.

இதே துணுக்கு உள்ளே நாற்பதாம் பக்கத்தில் வந்திருந்தால் இத்தனை கோபம் வந்திருக்குமா? காசு கொடுத்து வாங்கியவர் மட்டுமே உள்பக்கத்தைப் படிக்கிறார். அட்டையையோ கடையைக் கடந்து போகிற எல்லோரும் படித்துவிடுகிறார்கள். பொது இடத்தில் உரக்கச் சொன்னதற்குச் சமம் அது. சோ தம் 'துக்ளக்'கின் முதல் இதழை 1970 ஜனவரியில் இரண்டு கழுதைகளின் படத்தோடு கொண்டுவந்ததும் அட்டையின் இந்த பலத்தை அறிந்துதான். தலையங்கம் எழுதாமலே, "இங்கே யாரையும் விடமாட்டேன், என்னையும் சேர்த்து" என்று சொல்லிவிட்டார்.

வாசகம்: ஓர் எழுத்தின் ஜாலம்

இனி அட்டையில் உள்ள சொற்கள். இவை பெரும்பாலும் பேச்சு வழக்கில் இருக்கும். உள்ளே "தெரிவித்துள்ளார்" என்று எழுதும் அதே இதழ், அட்டையில் "நான் ரெடி!" என்று போடும். கடையில் நிற்பவரிடம் கட்டுரை நடையில் பேசினால் எடுபடாது, கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

தமிழ் இலக்கணமே இங்கே அட்டைக்காரருக்குக் கைகொடுக்கிறது. நம் மொழியில் ஒரு செய்தியைக் கேள்வியாக்க, கடைசியில் 'ஆ' ஒன்று சேர்த்தால் போதும். "பிரிகிறார்கள்" என்பது செய்தி. "பிரிகிறார்களா?" என்றால் அது வெறும் கேள்வி. முன்னதற்கு ஆதாரம் வேண்டும், பின்னதற்கு எதுவும் வேண்டாம். ஆனால் படித்தவர் மனத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தடத்தைத்தான் விடும். அதேபோல 'ஆம்'. "கட்சி தொடங்குகிறார்" என்பதற்குப் பொறுப்பு ஏற்க வேண்டும். "தொடங்குகிறாராம்" என்றால் யாரோ சொன்னார்கள், நாங்கள் கேட்டோம், அவ்வளவுதான். ஒரு பக்கம் நீளும் மறுப்பு அறிக்கையால் சாதிக்க முடியாததை இந்த இரண்டு விகுதிகள் சாதித்துவிடுகின்றன.

மற்ற உத்திகளும் நாம் அறிந்தவைதான். பாதி வாக்கியத்தில் நிறுத்தி மூன்று புள்ளி வைப்பது, "ஏன்?" என்று கேட்டுப் பதிலை உள்ளே ஒளித்துவைப்பது, "10 வழிகள்" என்று எண் போட்டு வேலை எளிது என்று தோன்றவைப்பது. பெண்கள் இதழ்களில் சமையல் குறிப்புப் புத்தகம் 'இலவச இணைப்பு' என்று பளிச்சென்று ஒரு வட்டத்துக்குள் இருக்கும். இவையெல்லாம் மோசடி என்று நான் சொல்லவரவில்லை. கடை வைத்தவன் சரக்கை முன்னால் அடுக்குவான், அது வியாபாரம். அட்டை கொடுத்த வாக்கை உள்பக்கம் காப்பாற்றுகிறதா என்பதுதான் கேள்வி. வாங்கிய இதழைப் படித்து முடித்ததும் அட்டையை இன்னொரு தரம் பார்த்து, "கேட்டதற்குப் பதில் கிடைத்ததா?" என்று பிள்ளைகளையே தீர்ப்புச் சொல்லச் சொல்லுங்கள். இன்று கைப்பேசியில் தபால்தலை அளவில் வரும் வீடியோப் படங்களும் இதே தந்திரங்களில்தான் ஓடுகின்றன. அட்டையைப் படிக்கப் பழகியவர் அங்கேயும் ஏமாறமாட்டார்.

ஒரே படம், பல மொழி

வெளிமாநிலத் தமிழ்க் குழந்தைகளுக்கு ஒரு காலத்தில் கிடைத்த பாக்கியம் 'அம்புலிமாமா'. 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய அந்த மாத இதழ், பின்னர் பல இந்திய மொழிகளுக்குப் பரவியது. தெலுங்கிலும் இந்தியிலும் கன்னடத்திலும் சந்தமாமா, மராத்தியில் சாந்தோபா. வபா என்று கையெழுத்திட்ட வட்டாதி பாப்பையா வரைந்த அட்டைகளும், சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் வேதாளம் படமும் எல்லா மொழிப் பதிப்புக்கும் பொது. எதிர்வீட்டு மராத்திப் பையன் கையில் உள்ள இதழிலும் நம் வீட்டுக் குழந்தை கையில் உள்ளதிலும் ஒரே வேதாளம். பெயர் எழுத்து மட்டும் வேறு. படம் ஒன்றாக இருந்ததால், எழுத்தின் வேற்றுமை குழந்தையின் கண்ணில் தானாகவே பட்டது. "உன்னோடதுல மேலே கோடு இருக்கு, என்னோடதுல இல்லை" என்று இரண்டு குழந்தைகள் பேசிக்கொள்ள அதைவிட நல்ல கருவி வேறில்லை. அந்த இதழ் இன்று வருவதில்லை. 'கல்கி'யும் 2020-இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது.

நாம் செய்யக்கூடியது

நம் வீடுகளில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைப்போம். அதனால் கதை பிழைத்தது, அட்டை போய்விட்டது. போன அட்டை பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கு உறையானது, அல்லது பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குப் போனது. பெரிய நூலகங்களிலும் பைண்டு செய்யும்போது அட்டையை நீக்கிவிடுவது உண்டு. சென்னையில் 1994 முதல் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் இத்தகைய இதழ்களைப் பாதுகாத்து வருகின்றன. எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டிவிட முடியாது.

தமிழ்ச் சங்க நூலகங்களிலும், நம் வீட்டுப் பரண்களிலும் பழைய இதழ்க் கட்டுகள் இருக்கும். எடைக்குப் போடுவதற்கு முன் அட்டைகளையாவது தனியே எடுத்துத் தேதியோடு ஒரு கோப்பில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அதைவிட மலிவான பாடக்கருவி கிடையாது. முதல் வாரம் பெயரை மட்டும் பார்க்கட்டும். 'குமுதம்' என்ற நான்கு எழுத்தைப் படமாக அறிந்த குழந்தை, அதிலிருந்தே 'கு', 'மு' என்ற இரண்டு உகரங்களைப் பிரித்துப் பார்த்துவிடும். பிறகு 'பு'வில் அந்த உகரம் வேறு மாதிரி இறங்குவதையும் தானே கண்டுபிடிக்கும். இரண்டாம் வாரம் படத்தைப் பார்த்துப் பேசட்டும்: யார், எங்கே, ஏன் இப்படி வரைந்தார்கள்? மூன்றாம் வாரம் வாசகம். 'ஆ'வை எடுத்துவிட்டுப் படித்தால் என்ன பொருள், சேர்த்துப் படித்தால் என்ன பொருள்? இலக்கணம் என்று சொல்லாமலே இலக்கணம் நடந்துவிடும். நான்காம் வாரம் பிள்ளைகளே ஓர் அட்டை செய்யட்டும், பெயரைத் தமிழில் எழுதி.

அரிச்சுவடியைக் கண்டு ஓடுகிற பிள்ளைகள் அட்டையைக் கண்டு ஓடமாட்டார்கள். ஓடவிடாமல் நிறுத்துவதற்காகத்தானே அது செய்யப்பட்டது? கடைக்காரர் நம் காசுக்காக விரித்த வலையை, நம் பிள்ளைகளின் தமிழுக்காக நாம் கொஞ்ச நாள் இரவல் வாங்கிக்கொள்வோம்.